பதினோராம் கட்டிலின் காலைச் சாப்பாடு

டொறத்திக்கு வாய் இல்லை என்று கற்பிட்டிக் கரையில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தகப்பன் சூசைப்பிள்ளை கடலில் கெட்டிக்காரன். கரைக்கு வந்துவிட்டால் நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாத மனிதன். அதனால் படகு மணலில் ஏறியதும் மீன் வாங்க வருகிற லொறிக்காரர்களோடு மல்லுக்கு நிற்கிற வேலை பதினாறு வயதிலேயே மகளின் தலையில் விழுந்தது. மீன் பழுது என்று எவனாவது செவுளைத் தூக்கிக் காட்டினால், "அண்ணன், மீன் நல்ல மீன், உங்கட கண்ணைத்தான் கொண்டுபோய்க் காட்டோணும்" என்பாள். அவள் குரல் எழும்பினால் மூன்றாவது வாடிக் குடிசையில் தூங்குகிறவனும் எழும்புவான். இது மிகைப்படுத்திச் சொல்வது அல்ல. அப்படி எழும்பியவர்கள் இன்னும் அந்தக் கரையில் இருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்டவள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வார்ட்டுக்குள் கால் வைத்த அன்று வாயடைத்துப் போனாள் என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். டொறத்தியும் இப்போது சேர்ந்து சிரிக்கிறாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சண்டை முடிந்து நாலாவது வருஷம். உயர்தரம் பாஸ் பண்ணி, நேர்முகத்துக்குப் போய், தாதியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஆறு மாதமும் புத்தகமும் ஒரு பிளாஸ்டிக் பொம்மையும்தான். பொம்மைக்கு ஊசி போட்டார்கள். பொம்மையைக் குளிப்பாட்டினார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள், கட்டுப் போட்டார்கள். எல்லாவற்றிலும் டொறத்திதான் முதலாவது. பொம்மை ஒரு நாளும் "ஆ" என்று கத்தியதில்லை என்பதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு ஆடி மாதத்தில் அவளையும் இன்னும் ஐந்து பிள்ளைகளையும் முதல் வார்ட் பயிற்சிக்காகக் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

அவள் போன பெண்கள் வார்ட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் மாக்கிறட் சிஸ்டர். சிலாபத்துக்காரி. ஒரே வசனத்தைச் சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். இரண்டிலும் சிரிக்க மாட்டார். முதல் நாள் காலை அவர் டொறத்தியிடம் பிறஷர் பார்க்கிற பெட்டியையும் காதுக்குழாயையும் கொடுத்து, "மூன்றாம் கட்டில்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மூன்றாம் கட்டில் அம்மாவின் கையில் பட்டியைச் சுற்றி, காற்றடித்து, குழாயைக் காதில் வைத்தால், டொறத்திக்குக் கேட்டதெல்லாம் தன் நெஞ்சு அடிக்கிற சத்தம். டும் டும் என்று பெருநாள் மேளம் மாதிரி. அதற்குள் அந்த அம்மாவின் நாடி எங்கே கேட்கப் போகிறது? திரும்பவும் அடித்தாள். திரும்பவும் மேளம்தான். கட்டிலைச் சுற்றிக் கண்கள். "கேட்கவில்லை" என்று சொல்ல வெட்கம். டொறத்தி 120/80 என்று எழுதினாள். புத்தகத்தில் நல்ல மனிதருக்கு அதுதான் என்று இருந்தது.

அரை மணித்தியாலம் கழித்து மாக்கிறட் சிஸ்டர் தானே பார்த்தார். 170/100. டொறத்தியை மேசைக்குக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் டொறத்திக்கு அது பழகின விஷயம்.

"உனக்குக் கேட்டதா?"

"இல்லை சிஸ்டர்."

"கேக்காததுக்கு நான் உன்னை ஏசமாட்டன். எனக்குக் கேக்கேல்ல எண்டு சொல்ல உனக்கு வாய் இல்லையா? காணாததைக் கண்டதெண்டு எழுதுற பிள்ளைக்கு என்ர வார்ட்டில வேலை இல்லை. இன்னொருக்கா இப்பிடிச் செய்தா அண்டைக்கே பள்ளிக்குத் திருப்பி அனுப்புவன்."

திருப்பி அனுப்பினால் அடுத்த அணியோடு ஒரு வருஷம் கழித்துத்தான் திரும்ப வார்ட். அதுவும் பள்ளி மன்னித்தால். "உனக்கு வாய் இல்லையா" என்று டொறத்தியைப் பார்த்து ஒருவர் கேட்டது அவள் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கை நடுங்கத் தொடங்கியது. முதல் நாள் நெஞ்சோடு நின்ற படபடப்பு இரண்டாம் நாள் விரலுக்கு இறங்கியது. கத்தரிக்கோலும் இடுக்கியும் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் கிணுகிணு என்று வார்ட் முழுக்கக் கேட்கும். "மணி அடிக்குது, மருந்து வருது" என்று கட்டில்களில் இருந்து சிரித்தார்கள். சும்மா சிரித்தார்கள், ஆனால் அவளுக்கு அழுகை முட்டியது. கூடப் படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி மூச்சை இழுத்துப் பத்து எண்ணச் சொன்னாள். இன்னொருத்தி இஞ்சி கடிக்கச் சொன்னாள். டொறத்தி இரண்டையும் செய்தாள். தலவில் கோயில் புனித அன்னம்மாளுக்கு ஒரு நேர்த்தியும் வைத்தாள். கடைசியில் தட்டின் அடியில் ஒரு துணியை நாலாக மடித்துப் போட்டாள், சத்தம் நின்றது. கை நிற்கவில்லை, சத்தம் மட்டும் நின்றது. இன்றைக்கு அவள் பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்த தாதி. இப்போதும் தட்டில் அந்தத் துணியை மடித்துப் போட்டுத்தான் தூக்குவாள்.

இரண்டாம் நாள் பின்னேரம் தாய் கத்தரினா போன் எடுத்தபோது கதையைச் சொன்னாள்.

"எடியே, இம்மாம் பெரிய சுறாவை நெஞ்சைக் கிழிச்சுக் காயப் போட்டவள் நீ. ஒரு ஊசிக்குப் பயமா?" என்றா தாய்.

"மீன் செத்துப்போய்த்தான் எங்கட கைக்கு வருது அம்மா. இதுகள் உயிரோட இருக்குதுகள்."

கத்தரினா "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டா.

நாலாம் நாள் காலை சிஸ்டர் டொறத்திக்கு ஊசியும் கொடுக்கவில்லை, பெட்டியும் கொடுக்கவில்லை. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்கள் வார்ட்டில் நாலு பேர். ஆறரைக்கு மூத்த தாதியான பெரிய மிஸ் ஊசி போட்டுவிடுவார். ஏழு மணிக்குச் சாப்பாடு வரும். அந்த நாலு பேரும் சாப்பிட்டார்களா என்று பார்த்து, அவரவர் டிக்கட்டில், அதாவது கட்டிலோடு இருக்கிற நோயாளியின் பதிவுத் தாளில், சரி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். ஊசி போட்டவர் சாப்பிடாவிட்டால் சீனி மளமளவென்று இறங்கி ஆள் மயங்கிவிடும், சில வேளை உயிருக்கே ஆபத்து வந்துவிடும். பொறுப்பான வேலைதான், ஆனால் கை நடுங்கினாலும் செய்யலாம். சிஸ்டர் அதை யோசித்தா கொடுத்தார் என்று டொறத்திக்கு அப்போது தெரியவில்லை. தன்னை ஒதுக்கிவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

பதினோராம் கட்டில் றஹ்மத் உம்மா. நுரைச்சோலையில் வெங்காயத் தோட்டம் செய்கிற குடும்பம், வயது அறுபதுக்குக் கிட்ட. கால் புண் ஆறாமல் வந்து ஒரு கிழமை; சீனி இறங்காததால் அன்றைக்குத்தான் இன்சுலின் அளவைக் கூட்டியிருந்தார்கள். மற்றவர்கள் டொறத்தியை "மணிப் பிள்ளை" என்று கேலி பண்ணியபோது, "வாங்க மகள்" என்று மரியாதையாகக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அன்று ஏழரைக்கு டொறத்தி போனபோது அவருடைய சாப்பாட்டுப் பீங்கான் துடைத்து வைத்தது போல இருந்தது.

"சாப்பிட்டீங்களா உம்மா?"

"ஓ மகள், அல்ஹம்துலில்லாஹ்."

டொறத்தி சரி போட்டாள். கையெழுத்து வைத்தாள். கோடு கோணலாகப் போனது. அவள் கவலையெல்லாம் அந்தக் கோணல் கோட்டில்தான். மனிதருக்குப் பயம் வந்தால் கண் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்; எதிரில் இருக்கிற ஆளைப் பார்க்காது. நாலு நாளாக டொறத்தியின் கண் அவள் கையை விட்டு நகரவே இல்லை. நகர்ந்திருந்தால் சில விஷயங்கள் பட்டிருக்கும். காய்ச்சல் பார்க்கிற கோலை வாயில் வைக்கப் போனால், "கமக்கட்டில வைங்க மகள்" என்று றஹ்மத் உம்மா கையைத் தூக்கிக் காட்டுவார், வாய்க்குள் வைக்க விட மாட்டார். அடிக்கடி எச்சிலைக் கடதாசியில் துப்புவார். உதடு வெடித்துக் கிடந்தாலும் பகலில் தண்ணீர் கேட்டதில்லை.

ஒன்பதரைக்கு எல்லாருக்கும் பிறஷர் பார்க்கச் சொல்லி சிஸ்டர் அவளிடம் பெட்டியைத் திரும்பவும் கொடுத்தார். பதினோராம் கட்டிலில் பட்டியைச் சுற்ற றஹ்மத் உம்மாவின் கையைப் பிடித்தாள். கை நடுங்கியது. அட, என் நடுக்கம் இந்த மனிசிக்கும் போகிறதே என்று டொறத்திக்கு வெட்கமாக இருந்தது. தன் கையை எடுத்தாள்.

றஹ்மத் உம்மாவின் கை நிற்கவில்லை. விரிப்பின் மேல் அது தன்பாட்டில் நடுங்கிக்கொண்டே இருந்தது.

நாலு நாளாக நடுங்கிப் பழகியவளுக்கு நடுக்கத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம். பயத்தில் நடுங்குகிற கை சூடாக இருக்கும், எதையாவது பிடிக்கப் பார்க்கும். இந்தக் கை எதையும் பிடிக்கவில்லை. குளிர்ந்து, நனைந்து கிடந்தது. ஜன்னலால் கச்சான் என்கிற மேல்காற்று ஊதிக்கொண்டிருக்க, நெற்றியிலும் முத்து முத்தாக வேர்வை.

"உம்மா, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்ல மகள். வெக்கையா ஈக்குது."

"தண்ணி தரட்டா?"

"வேணாம், வேணாம்." வெடித்த உதட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

அந்தத் துடைப்பு டொறத்தியைக் கற்பிட்டிக்கே கொண்டுபோய்விட்டது. பக்கத்து வீட்டு ஹிதாயா அப்படித்தான் துடைப்பாள். சின்ன வயதில் நோன்பு மாதத்தில் ஹிதாயா தன் உம்மாவுக்குத் தெரியாமல் ஓடி வந்து கத்தரினாவின் அடுப்படியில் பாணும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, உதட்டைத் துடைத்து, "நான் நோன்பு" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு போவாள். டொறத்தி வீட்டில் ஒருவரும் காட்டிக்கொடுத்ததில்லை. அந்தத் தெருவில் கத்தோலிக்க அடுப்படிகள் எல்லாம் அப்படித்தான். சாப்பிட்டதை ஒளிக்கிற ஆட்களை டொறத்தி நிறையக் கண்டிருக்கிறாள். சாப்பிடாததை ஒளிக்கிற ஒருவர் இருப்பார் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? வெறும் பீங்கானைக் கண்டதும் வயிறு நிரம்பியது என்று எழுதிவிட்டாள்.

இதுவும் நோன்பு மாதம் என்று அப்போதுதான் உறைக்க, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அலுமாரியைத் திறந்தாள். ஒரு சொப்பிங் பைக்குள் காலைப் பாண், ஊறிப்போன பருப்பு, உரிக்காத முட்டை. பக்கத்தில் நாலு பேரீச்சம்பழம்.

"சொல்லிப் போடாதீங்க மகள்." றஹ்மத் உம்மாவின் நாக்குத் தடித்துப் பேச்சு இழுபட்டது. "டொக்டருக்கு நோன்பில்ல எண்டுதான் சொன்னேன். ஊசி நோன்ப முறிக்காது. பன்னெண்டு வயசில இருந்து ஒரு நோன்பும் நான் வேணுமெண்டு விட்டதில்ல. பொழுதுபட மஹ்ரிபுக்கு எல்லாத்தையும் தின்பேன், அல்லாஹ் மேல சத்தியமா."

இனி டொறத்தி என்ன செய்திருக்கலாம் என்று பார்ப்போம். தேத்தண்ணீர் போடுகிற அறையில் சீனிப் போத்தல் இருந்தது. இரண்டு கரண்டி கரைத்துக் கொண்டுவந்து, கெஞ்சிக் குடிக்க வைத்தால் காரியம் முடிந்தது. றஹ்மத் உம்மா வாய் திறக்க மாட்டார். டிக்கட்டில் போட்ட சரி சரியாகவே இருக்கும். அந்த யோசனை தனக்கு வந்தது என்பதை டொறத்தி இன்றைக்கும் மறைப்பதில்லை. அறை எந்தப் பக்கம் என்று ஒரு தரம் திரும்பியும் பார்த்தாளாம். ஆனால் இரண்டு கரண்டி போதுமா, எவ்வளவு இறங்கியிருக்கிறது, இன்னும் எவ்வளவு இறங்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போலச் செய்தால் என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியும். அதற்குள் றஹ்மத் உம்மாவின் கண் மேலே செருகத் தொடங்கியது.

"சிஸ்டர்!"

அது வார்ட்டுக் குரல் இல்லை. படகு கரை தட்டும்போது எழும்புகிற குரல். கடைசிக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த மனிசி எழும்பி உட்கார்ந்தா. மாக்கிறட் சிஸ்டர் அரை ஓட்டமாக வந்தார்.

"பதினோராம் கட்டில் நோன்பு சிஸ்டர். ஆறரைக்கு இன்சுலின் போட்டது, சாப்பிடேல்ல. சாப்பிட்டதெண்டு எழுதினது நான். பாக்காம எழுதினன். இப்ப கை குளிர்ந்து வேர்க்குது, கதை தடுமாறுது."

ஒரே மூச்சில் சொன்னாள். வார்ட் முழுக்கக் கேட்டது. சொல்லி முடித்ததும், பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் தான் உடுப்புப் பெட்டியோடு இருப்பது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. சிஸ்டர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சீனி பார்க்கிற மெசினை நீட்டி, "குத்து" என்றார்.

டொறத்தி குத்தினாள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் வந்தது. மெசினில் செருகிய கீற்றில் சரியாகத் தொட்டாள். தன் கை நடுங்கியதா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பார்க்கவில்லை. மெசினில் நாற்பத்திரண்டு என்று விழுந்தது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

பெரிய மிஸ் குளுக்கோஸ் கரைத்துக் கொண்டு ஓடி வந்தார். கோப்பையை உதட்டில் வைத்தால் றஹ்மத் உம்மா தலையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். கண் ஓரத்தால் தண்ணீர் வடிந்தது. அரை மயக்கத்திலும் நோன்பை விடுகிற எண்ணம் இல்லை. கை நரம்பில் ஊசியால் குளுக்கோஸ் ஏற்ற ஆயத்தம் செய்யும்படி சிஸ்டர் பெரிய மிஸ்ஸிடம் சொன்னார்.

டொறத்தி கட்டிலில் குந்தி அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "உம்மா, இங்க பாருங்க. எங்கட பக்கத்து வீட்டு உம்மா ஒரு வருஷம் காய்ச்சலில நோன்ப விட்டவ. விட்டதை எல்லாம் பிறகு தை மாசத்தில தனியப் பிடிச்சா. அவவுக்கு முன்னால தின்ன வெக்கப்பட்டு நாங்க அடுப்படிக்குள்ள கதவைச் சாத்திக்கொண்டு தின்டனாங்க. நோயாளிக்கு அல்லாஹ் தவணை தந்திருக்கிறான் எண்டு சொன்னது அவதான். நீங்களும் தையில பிடியுங்க உம்மா. பிடிக்கிறதுக்கு ஆள் இருக்கோணும் எல்லோ?"

றஹ்மத் உம்மா அவளையே பார்த்தார். விளங்கியதா, களைத்துவிட்டாரா தெரியாது. "பிஸ்மில்லாஹ்" என்று உதடு அசைந்தது. டொறத்தி கோப்பையைச் சரித்தாள். ஒவ்வொரு மிடறும் தொண்டையால் இறங்குவதைக் கண்ணால் கண்டாள்.

கால் மணித்தியாலத்தில் எழுபத்தெட்டு. பேச்சுத் தெளிந்தது. றஹ்மத் உம்மா எழும்பி உட்கார்ந்து, டொறத்தி உரித்துக் கொடுத்த முட்டையையும் பாணையும் தின்றார். தின்னும்போதும் அழுதார். "பெரிய சத்தம் மகள் உங்களுக்கு" என்றார். கோபமா நன்றியா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

பிறகு மேசை. மாக்கிறட் சிஸ்டர் பதினோராம் கட்டில் டிக்கட்டை விரித்து, பேனையை அவள் பக்கம் தள்ளினார்.

"ஒரு கோட்டால வெட்டு. அழிக்காத, கிறுக்காத. என்ன எழுதினாய் எண்டு தெரியோணும். பக்கத்தில நடந்ததை எழுதி, பேரைப் போடு."

டொறத்தி எழுதினாள். இப்போது கை நன்றாகவே நடுங்கியது. எழுத்து, நண்டு ஓடின மணல் மாதிரி வந்தது. ஆனால் வாசிக்க முடிந்தது. எழுதி முடித்து பேனையை வைத்தாள்.

"நான் எத்தினை மணி பஸ்ஸுக்குப் போறது சிஸ்டர்?"

"எங்க?"

"பள்ளிக்கு. திருப்பி அனுப்புவன் எண்டு சொன்னீங்க."

சிஸ்டர் டிக்கட்டை மூடினார். "முதல் நாள் நானாப் பிடிச்சன். இண்டைக்கு நீயாச் சொன்னாய். ரெண்டும் ஒண்டில்லை. நடந்தது உன்ர பள்ளிக்குப் போகும், டொக்டருக்கும் போகும், அதில இருந்து தப்பேலாது. நீ வார்ட்டில நில்லு." பிறகு, இதையெல்லாம் பேசியதே நேரம் வீண் என்கிற மாதிரி, "பன்னிரண்டாம் கட்டில் பிறஷர் இன்னும் பாக்கேல்ல" என்றார்.

டொறத்திக்கு அழவேண்டும் போலவும் இருந்தது, யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. கட்டிப்பிடிக்கக்கூடிய ஆள் அங்கே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பன்னிரண்டாம் கட்டில் ஒரு தடித்த அக்கா. பட்டியே மட்டுமட்டாகத்தான் எட்டியது. டொறத்தி காற்றடித்து, குழாயைக் காதில் வைத்தாள். பழைய மேளம்தான், டும் டும். காற்றை இறக்கிவிட்டுத் திரும்ப அடித்தாள். அப்போதும் அவள் நெஞ்சுதான் கேட்டது. பதினோராம் கட்டிலில் இருந்து றஹ்மத் உம்மா தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா, "என்ன பிள்ளை, எவ்வளவு?" என்றா.

டொறத்தி குழாயைக் காதிலிருந்து எடுத்தாள். நிமிர்ந்து நின்று, வார்ட்டின் அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், எனக்குக் கேக்கேல்ல!"

யாரும் சிரிக்கவில்லை. மாக்கிறட் சிஸ்டர் செருப்பைச் சரக்சரக்கென்று இழுத்துக்கொண்டு வந்து, குழாயை வாங்கித் தன் காதில் வைத்தார். காற்றடித்தார். கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். இறக்கினார். இன்னொரு தரம் அடித்தார். பிறகு குழாயைக் கழற்றி டொறத்தியின் கையில் திரும்பக் கொடுத்தார்.

"மற்றக் கையில பாப்பம் பிள்ளை" என்றார். "எனக்கும் கேக்கேல்ல."